நாலு மணிக்கு இருட்டும் ஊரில் படுக்கையறைச் சுவர்

(டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் தமிழ்க் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பேச்சுக்கு என்னைக் கேட்டவர்கள் தந்த தலைப்பு, படுக்கையறைக்கு இதமான நிறங்கள் என்பது. ஒப்புக்கொண்டபோது ஒரு நிபந்தனை வைத்தேன். வெளிச்சத்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் நிறத்துக்கு வருவேன் என்றேன். சுவர் பூசுவது என் தொழில். "நிறம் சரிவரேல்லை, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று அழைக்கும் வீடுகளில் பெரும்பாலும் பெயின்றில் பிழை இருப்பதில்லை. ஜன்னல் பார்க்கும் திசையிலோ, முகட்டில் மாட்டிய பல்பிலோதான் பிழை இருக்கும். அதைத் திருத்தாமல் மூன்றாவது தடவையும் சுவரைப் பூசுவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தொழில்காரனுக்கு அது வருமானம். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் வெளிச்சம். நாங்கள் விட்டு வந்த யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே பத்துப் பாகைக்குள் இருக்கிறது. இந்த ஊர் 45 பாகைக்கும் மேலே. அங்கே மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். நடுப்பகல் வெயில் நன்றாக உயரத்தில் நிற்கும். இங்கே டிசம்பர் 21ஆம் திகதியளவில் பகல் 8 மணி 42 நிமிடம்தான். சூரியன் காலை ஏழரைக்கு எழும்பி மாலை நாலேகாலுக்குள் போய்விடும். நடுப்பகலிலும் அடிவானத்திலிருந்து 21 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. நவம்பர் தொடக்கத்தில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளியதும், வேலையால் வரும்போதே வீடு இருட்டியிருக்கும். கணக்குப் பார்த்தால், நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை உங்கள் படுக்கையறையை வேலைநாள்களில் சூரிய வெளிச்சத்தில் நீங்கள் பார்ப்பது அபூர்வம். விளக்கில்தான் பார்க்கிறீர்கள். அப்படியென்றால் ஜூலை மாதத்தில், கடையின் பெரிய கண்ணாடி வாசலில் நின்று அந்த அறைக்கு நிறம் தெரிவது எதற்கு?

ஊரில் சுவருக்கு இருந்த வேலை வேறு. அங்கே வெயிலைத் தணிக்க வேண்டும். சுண்ணக்கல்லின் மேல் இருக்கும் குடாநாட்டில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் முன் வெள்ளையடிப்பார்கள். வெள்ளை மஞ்சளித்துப் போகாதிருக்க, உடுப்புக்குப் போடும் நீலத்தில் கொஞ்சத்தை வாளியில் கரைப்பார்கள். பிறகு டிஸ்ரெம்பர் வந்தது. வானநீலமும் இளம்பச்சையும் அறைகளுக்குள் ஏறின. வெளியில் முப்பத்திரண்டு பாகை வெயிலில் நின்றுவிட்டு அந்த நீல அறைக்குள் நுழைந்தால் உடம்பு ஆறும். அது அருமையான தெரிவு, அந்த வெயிலுக்கு. தமிழ்நாட்டிலும் கதை இதுதான். செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் தொட்டால் சில்லென்று இருப்பது அந்த ஊரின் வெக்கைக்கு மருந்து.

அந்தப் பழக்கத்தை நாங்கள் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தோம். எண்பதுகளில் வந்தவர்கள் முதலில் கோட்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்ரென்ஷன் பக்கத்து அப்பார்ட்மென்ற்களில் இருந்தோம். அங்கே நிறம் தெரியும் பேச்சே இல்லை. முந்தின குடித்தனக்காரன் போனதும், வீடு மாறும் நாளான ஜூலை முதலாம் திகதிக்குள் வீட்டுக்காரன் உருளையை ஓட்டி, சுவர், முகடு, கதவு, சில வேளை சுவிச்சு மூடியையும் சேர்த்து ஒரே வெள்ளையாக்கிவிடுவான். பிறகு பிள்ளைகள் வளர, வாங்கிய கடன் அடைய, பியர்ஃபோன், றொக்ஸ்பரோ, இந்த டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்று மேற்கே நகர்ந்து சொந்த வீடு வாங்கினோம். செயின்ற் ரெஜிஸ் வீதியில் முருகன் கோயிலும் பக்கத்திலேயே அமைந்தது. சொந்தச் சுவர் கிடைத்ததும் நாம் முதலில் செய்தது என்ன? ஊர் வீட்டின் வானநீலத்தை வடக்குப் பார்த்த அறையில் பூசியது. அல்லது வீட்டுக்காரனின் வெள்ளையையே இன்னும் பளிச்சென்று பூசியது.

வடக்கு ஜன்னலில் பனிக்காலத்தில் நேரடி வெயில் கிடையாது. உள்ளே வருவது வானத்தின் வெளிச்சம். அதில் நீலம் கூட. அந்த வெளிச்சம் நீலச் சுவரில் பட்டால் இன்னும் நீலமாகும். தூய வெள்ளையில் பட்டால் சாம்பலாகும். அறையில் ஹீற்றர் 22 பாகையில் ஓடினாலும், உள்ளே போனவர் போர்வையைத் தேடுவார். சுவரின் நிறம் வெப்பமானியை ஏற்றாது, இறக்காது, ஹைட்ரோ-கியூபெக் மின்சாரப் பில்லும் குறையாது. ஆனால் படுக்கையில் இருப்பது கண்ணை மூடும்வரை கண் சொல்வதைக் கேட்கும் மனிதன்தானே.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. மொன்றியலில் தெருக்களுக்கு வடக்கு, தெற்கு என்று சொல்வதை நம்பி அறையின் திசையைத் தீர்மானிக்காதீர்கள். ஆற்றை வைத்து அமைத்த தெருக்கள் இவை. இந்த ஊர்க்காரர் வடக்கு என்று காட்டும் திசை உண்மை வடக்கிலிருந்து நன்றாக மேற்கே சாய்ந்தது. ஆகவே உங்கள் "வடக்கு" அறைக்குள் ஜூன் மாதத்து அந்திவெயில் எட்டரை மணிக்கு நேரே வந்து விழும். கைபேசியில் திசைகாட்டி இருக்கிறது. ஜன்னலில் வைத்துப் பாருங்கள். வாஸ்து பார்க்கிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். தென்மேற்கு என்று நினைத்து மண்நிறம் பூசியவர்களின் மூலை சில வீடுகளில் தெற்காக இருக்கிறது.

சரி, பல்புக்கு வருவோம். இந்தக் கூடத்தில் யாரையும் நோகடிக்கச் சொல்லவில்லை. நம்மவர்களுக்கு வெள்ளை வெளிச்சத்தில் தீராத ஆசை. ஊரில் மண்ணெண்ணெய் விளக்கும் மங்கலான குண்டுப் பல்பும் இருந்த இடத்தில் ரியூப் லைற் வந்தபோது அது வசதியின் அடையாளம். கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்துக் கட்டினோம். அந்த ரியூப் லைற்றின் வெளிச்சம் சுமார் 6500 கெல்வின். கனடாவில் 100, 75 வாற் குண்டுப் பல்புகளை 2014 தொடக்கத்திலும், 60, 40 வாற் பல்புகளை அந்த ஆண்டு முடிவிலும் புதிய மின்சிக்கன விதிகள் கடையிலிருந்து அனுப்பிவிட்டன. பதிலுக்கு எல்.ஈ.டி. வாங்கப் போனவர்கள் பெட்டியில் "டேலைற்" என்று கண்டதும், பகல் வெளிச்சம் என்றால் நல்லதுதானே என்று கூடையில் போட்டார்கள். அது 5000 கெல்வின். படிக்கும் மேசைக்கு நல்லது, சமையலறைக்கும் பரவாயில்லை. படுக்கையறைக்கு ஆகாது.

இதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல. கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான கலங்களைத் தவிர, பொழுதை அறிவதற்கென்றே ஒளியை உணரும் இன்னொரு வகைக் கலங்கள் இருப்பதை 2002இல் டேவிட் பேர்சன் குழுவினர் காட்டினார்கள். அவற்றில் உள்ள மெலனொப்சின் என்ற நிறமி, 480 நனோமீற்றர் அளவில், அதாவது நீலத்தில், மிகக் கூர்மையாக விழிக்கிறது. இரவில் நீலம் கூடிய வெளிச்சம் கண்ணில் பட்டால், இன்னும் பகல்தான் என்று அது மூளைக்குச் சொல்லும். தூக்கத்துக்கு வழிவிடும் மெலற்றோனின் சுரப்பது தள்ளிப்போகும்.

வெதுவெதுப்பான நிறச் சுவருக்கு உண்மையில் ஒரு பயன் இருக்கிறதென்றால் அது இங்கேதான். சந்தன நிறமோ ஓலை நிறமோ நீலத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். 2700 கெல்வின் பல்பும் அப்படி ஒரு சுவரும் சேர்ந்தால் கண்ணுக்கு வரும் நீலம் நன்றாகக் குறையும். பல்பு 5000 ஆக இருந்தால் சுவர் தனியாக நின்று மல்லுக்கட்ட முடியாது. எனவே பெயின்றுக்கு முன் பல்பை மாற்றுங்கள். பெட்டியில் 2700 என்ற எண்ணையும், நிறத்தை நேர்மையாகக் காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு மேல் என்பதையும் பாருங்கள். இரண்டு கிழமை அந்த வெளிச்சத்தில் இருந்துவிட்டு, சுவரை மாற்றத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். மாற்றத் தேவையில்லை என்று சொன்ன குடும்பங்கள் உண்டு. என் நட்டம், பரவாயில்லை.

இதற்கு அப்பால் நிறத்துக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது. இந்த நிறம் கோபத்தைத் தணிக்கும், அந்த நிறம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க வைக்கும் என்ற பேச்சுகளில் பெரும்பகுதி பெயின்றோ கட்டிலோ விற்கிறவர்கள் கிளப்பியது. அமெரிக்காவில் சியாற்றில் நகரக் கடற்படைச் சிறையொன்றில் 1979இல் கைதிகளின் அறையை ஒரு வகை ரோஸ் நிறத்தில் பூசினார்கள். அலெக்சாண்டர் ஷவுஸ் என்பவரின் யோசனை அது. சண்டை குறைந்துவிட்டது என்று செய்தி பரவியது. அந்தச் சிறையின் அதிகாரிகள் இருவரின் பெயரால் அதற்கு பேக்கர்-மில்லர் ரோஸ் என்று பெயரே வைத்தார்கள். பல நாட்டுச் சிறைகள் ரோஸ் ஆயின. பிறகு ஒழுங்காக ஒப்பிட்டுச் சோதித்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. 2015இல் வெளியான சுவிற்சர்லாந்துச் சிறை ஆய்வும் ரோஸ் அறைக்கும் வெள்ளை அறைக்கும் கோபத்தில் வித்தியாசம் காணவில்லை. ஆகவே எந்த நிறம் தூக்கம் தரும் என்று என்னைக் கேட்காதீர்கள். எந்த நிறம் தூக்கத்தைக் குழப்பாது என்று கேட்டால் சொல்வேன்.

இனி நிறம்.

கடையில் பெயின்ற் கலப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சிகோ என்றாலும், பெஞ்சமின் மூர் என்றாலும், வாளிக்குள் முதலில் இருப்பது வெள்ளை அடிப்பெயின்ற். இயந்திரம் அதற்குள் சாயங்களைச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. கலந்து முடிந்ததும் மூடியில் ஒரு சின்னச் சீட்டை ஒட்டுகிறார்கள். அந்தச் சீட்டில் எந்தச் சாயம் எவ்வளவு என்று குறியீடாக இருக்கும். கண்ணுக்கு இதமான நிறம் ஒன்றின் சீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று சாயம்தான்: மஞ்சள் ஒக்சைட், சிவப்பு ஒக்சைட், கொஞ்சம் கறுப்பு. முதல் இரண்டும் இரும்புத் துருவின் உறவுகள். நம் கோயில் மதிலில் வெள்ளையோடு மாறி மாறி வரும் காவியும் அதே குடும்பம். மூன்றாவதாக விழும் அந்தக் கறுப்புச் சொட்டில்தான் விசயம் இருக்கிறது. அது இல்லாத மஞ்சள் எலுமிச்சைப்பழம். அது விழுந்த மஞ்சள் சந்தனம். ரோஸுக்கும் அப்படித்தான், கறுப்பு விழாத ரோஸ் குழந்தைச் சவர்க்காரப் பெட்டி, விழுந்தது வெயிலில் காய்ந்த செங்கல். ஆகவே மாதிரிச் சீட்டைப் பார்க்கும்போது "என்ன இது, கொஞ்சம் அழுக்காகத் தெரியுதே" என்று எதைத் தள்ளி வைக்கிறீர்களோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் நாலு சுவரிலும் ஏறிய பிறகு சரியாக இருக்கப் போவது.

ஏன் என்று சொல்கிறேன். இரண்டு விரல் அகலச் சீட்டில் பார்க்கும் நிறம் வேறு, அறை முழுக்கப் பூசிய நிறம் வேறு. அறைக்குள் வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு எதிர்ச் சுவருக்குப் போகும், அங்கிருந்து திரும்பும். ஒவ்வொரு தடவை படும்போதும் சுவர் தன் நிறத்தை அதில் ஏற்றி அனுப்பும். நாலு சுவரும் ஒரே மஞ்சள் என்றால், நாலைந்து தடவை வடிகட்டிய மஞ்சள் உங்கள் கண்ணுக்கு வரும். சீட்டில் பால்மஞ்சளாக இருந்தது மூலையில் கடும் மஞ்சளாக நிற்பது இதனால்தான். கடைக்காரன் தவறாகக் கலந்துவிட்டான் என்று சண்டைக்குப் போகாதீர்கள். சீட்டில் பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிறிய, ஒரு படி சாம்பல் கூடிய நிறத்தை வாங்குங்கள். இன்னொரு வழியும் உண்டு. அதே நிறத்தின் சாயத்தைப் பாதி அளவுக்குப் போட்டுத் தரச் சொல்லலாம். பாதிக் கலவை என்றால் எந்தக் கடையிலும் விளங்கும்.

மாதிரிச் சீட்டின் பின்பக்கத்திலோ கம்பனியின் பட்டியலிலோ எல்.ஆர்.வி. என்று ஒரு எண் இருக்கும். சுவரில் படும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் அளவு அது. நல்ல வெள்ளை 85க்கு மேல் போகும். பனங்கட்டி நிறம் 10, 15இல் நிற்கும். இந்த ஊரில் சாதாரணப் படுக்கையறைக்கு 55க்கும் 70க்கும் இடையில் எடுங்கள் என்பது என் தீர்ப்பு. அதற்கு மேலே போனால், பனிக்கால நடுப்பகலில் கண் கூசும். புதுப் பனி தன்மேல் விழும் வெயிலில் எண்பது, தொண்ணூறு வீதத்தைத் திருப்பி எறியும். பெப்ரவரியில் வெயில் அடிக்கும் ஒரு நாளில் தெற்கு அறைக்குள் போய்ப் பாருங்கள். வெளிச்சம் முற்றத்துப் பனியிலிருந்து எழும்பி, ஜன்னல் வழியாக மேல்நோக்கி வந்து, முகட்டில் பட்டு நிற்கும். அறையிலேயே பிரகாசமான இடம் முகடுதான். ஊரில் முகடு எப்போதும் இருண்ட இடம். இங்கே நாலு மாதம் தலைகீழ். ஆகவே முகட்டுக்கு நீலம் கலந்த வெள்ளை வேண்டாம். சுவரின் நிறத்தையே கால்பங்கு கலந்த வெள்ளை போதும், பளபளப்பே இல்லாத மற் பெயின்றில்.

இந்த இடத்தில் ஒரு அம்மாவின் கதையைச் சொல்லத் தோன்றுகிறது. வடமராட்சிப் பக்கத்தவர். மகன் வீட்டில் அவருக்கென்று ஒதுக்கிய அறை, பாதிப்படி இறங்கும் அமைப்புள்ள வீட்டில் வடக்குப் பார்த்த சின்ன அறை. அவருக்கு வானநீலம்தான் வேண்டும். "எங்கட வீட்டு அறை அப்பிடித்தான் இருந்தது தம்பி" என்றார். மருமகளுக்கு அப்போது எல்லோரும் பூசிய சாம்பல் வேண்டும். நான் யாருடைய பக்கமும் பேசவில்லை. இரண்டடிக்கு இரண்டடிப் பலகைகள் மூன்றில் நீலம், சாம்பல், ஒடியல் மா நிறம் என்று இரண்டிரண்டு கோட் பூசி, கட்டிலுக்கு எதிரே சாத்தி வைத்துவிட்டு வந்தேன். நவம்பர் மாதம். மறுநாள் பின்னேரம் நாலரை மணிக்குத் திரும்பப் போனபோது, அம்மா கட்டிலில் இருந்து நீலப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உது ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்குத் தம்பி, எடுத்துப் போடு" என்றார். மருமகள் தன் சாம்பல் பலகையைத் தானாகவே திருப்பி வைத்துவிட்டார். ஒடியல் மா நிறம் சுவருக்கு ஏறியது. நீலம் வீணாகவில்லை. உடுப்பு அலுமாரியின் உட்பக்கத்துக்கு அதைப் பூசிக் கொடுத்தேன். காலையில் சேலை எடுக்கக் கதவைத் திறந்தால் ஊர் நீலம் தெரியும்.

அந்தச் சாம்பலைப் பற்றி ஒரு சொல். பல ஆண்டுகள் கனடாவில் வீடு விற்கிறவர்கள் எல்லாவற்றையும் சாம்பலாக்கினார்கள். வாங்க வருகிறவருக்கு எரிச்சல் தராது என்பது கணக்கு. விற்கப் போகும் வீட்டுக்கு அது சரி. படுத்தெழும்பப் போகும் வீட்டுக்கு, ஐந்து மாதம் வெளியே முழுக்கச் சாம்பலாக இருக்கும் ஊரில், உள்ளேயும் சாம்பலைக் கொண்டு வருவது எனக்குப் பிடிக்காத வேலை. கேட்டால் பூசித் தருவேன்.

பலகையில் பூசிப் பார்ப்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. சுவரில் நேரே திட்டுத் திட்டாகப் பூசிப் பார்ப்பார்கள், அது சரிவராது. பழைய நிறம் சுற்றிவர இருந்து புதிய நிறத்தைக் கெடுத்துக் காட்டும். பலகை அல்லது தடித்த அட்டை என்றால் ஜன்னல் பக்கத்துக்கும் இருண்ட மூலைக்கும் கட்டில் தலைமாட்டுக்கும் மாற்றி மாற்றி வைக்கலாம். காலை ஏழு மணிக்கும், சனி ஞாயிறில் நடுப்பகலிலும், நாலரைக்கும், இரவு விளக்கிலும் பாருங்கள். விளக்கை மங்க வைத்தும் பாருங்கள், ஏனென்றால் மங்கிய வெளிச்சத்தில் கண் வேறு மாதிரி வேலை செய்யும். சிவப்பு முதலில் கறுத்துப் போகும். நீலமும் பச்சையும் கடைசிவரை தெரியும். செக் நாட்டு அறிஞர் பூர்க்கினே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்ன விசயம் இது. ஆகவே கடும் செங்கல் நிறம் விளக்கடியில் தகதகவென்று இருந்தாலும், விளக்கை அணைக்கும் தறுவாயில் குகைபோல ஆகிவிடும். அந்த நிறத்தில் ஆசை உள்ளவர்கள் தலைமாட்டுச் சுவர் ஒன்றுக்கு மட்டும் பூசுங்கள். படுத்திருக்கும்போது அது உங்கள் கண்ணில் படாது. அறைக்குள் நுழையும்போது படும்.

எல்லா அறைக்கும் ஒரே மருந்து கிடையாது. தெற்கு அறையில் பனிக்காலச் சூரியன் தாழ நிற்பதால் வெயில் அறையின் கடைசிவரை நீளும்; அங்கே சந்தனம் தங்கமாகிவிடும், கொஞ்சம் சாம்பல் கலந்த ஓலை நிறம் போதும். மேற்கு அறைக்கு ஆரஞ்சுச் சாயல் ஆகவே ஆகாது, ஜூன் அந்தி வெயிலே போதிய ஆரஞ்சைக் கொண்டுவரும். கிழக்கு அறை எதையும் தாங்கும். ஜன்னலுக்கு வெளியே அயல்வீட்டின் செங்கல் சுவர் இருந்தால் அந்தச் சிவப்பும், மேப்பிள் மரம் இருந்தால் கோடையில் அந்தப் பச்சையும் உள்ளே வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பேஸ்மென்ற் அறை வேறு விதம். முகட்டை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல், பனி விழுந்தால் அதுவும் மூடும். இருட்டாக இருக்கிறது, வெள்ளையடித்தால் வெளிச்சமாகும் என்று எல்லோரும் நினைக்கிறோம். திருப்பி அனுப்ப வெளிச்சமே இல்லாத இடத்தில் வெள்ளை என்ன செய்யும்? அழுக்குச் சாம்பலாகத்தான் நிற்கும். அங்கே கொஞ்சம் ஆழமான நிறத்துக்குத் துணிந்து போங்கள், எல்.ஆர்.வி. 40, 45 அளவில், தேன் கலந்த மண்ணிறம் மாதிரி. மேசை விளக்கு இரண்டு வைத்தால் அந்த அறை வீட்டிலேயே நல்ல அறையாகிவிடும். ஆனால் அதற்கு முன் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரச் சுவரைப் பெயின்றால் மூடுவது நோயை மறைப்பது.

நம்மில் பலர் இரவு வேலை. விமான நிலையம், தொழிற்சாலை, முதியோர் இல்லம் என்று விடிய விடிய நின்றுவிட்டு, காலை எட்டு மணிக்குப் படுக்கிறவர்கள். அவர்களுக்குச் சுவரைவிட ஜன்னல் முக்கியம். வெளிச்சம் புகாத திரையை ஜன்னல் சட்டத்தின் மேலும் பக்கமும் அரை அடி தாண்டிப் போடுங்கள். விளிம்பால் ஒழுகும் வெளிச்சத்தை ஜன்னலைச் சுற்றிய சுவர் எவ்வளவு குறைவாகத் திருப்புகிறதோ அவ்வளவு நல்லது. ஆகவே ஜன்னல் இருக்கும் சுவருக்கு மட்டும் ஆழமான நிறம். மற்றவர்களுக்கு நான் சொல்லும் 55 முதல் 70 கணக்கு இந்தச் சகோதரர்களுக்குப் பொருந்தாது.

வயதானவர்களின் அறைக்கும் தனிக் கணக்கு. வயது போகப் போகக் கண்ணின் வில்லை மஞ்சளிக்கும், கண்மணியும் சிறுக்கும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகும். மெல்லிய நிற வித்தியாசங்கள் அவர்களுக்குத் தெரியாது. சுவரும் கதவும் தரையும் ஒரே பழுப்பு என்றால், நமக்கு அது அழகான ஒற்றுமை, அவர்களுக்கு எங்கே சுவர் முடிகிறது என்று தெரியாத ஆபத்து. சுவர் வெளிறிய சந்தனம் என்றால் கதவுச் சட்டத்தையும் சுவரடிப் பலகையையும் நன்றாக இருண்ட நிறமாக்குங்கள். இரவில் எழும்பிக் குளியலறைக்குப் போகிறவரின் கைக்கும் காலுக்கும் அது வழிகாட்டும். இப்போது கடைகளில் சுவரடிப் பலகையையும் சுவரின் நிறத்திலேயே பூசும் மோஸ்தர் வந்திருக்கிறது. இளம் தம்பதிகள் செய்யட்டும். அப்பா அம்மாவின் அறையில் வேண்டாம்.

பிள்ளைகளின் அறைக்கு அவர்களையே கேளுங்கள். அது அவர்கள் உரிமை. சிவப்பு என்று ஒற்றைக்காலில் நின்றால், அதைக் கதவுக்குக் கொடுங்கள்.

வேலை சம்பந்தமாகச் சில சொல்லி முடிக்கிறேன். படுக்கையறைக்கு மற் அல்லது எக்‌ஷெல் பூச்சு. பளபளப்புப் பூச்சு விளக்கைத் திருப்பிக் கண்ணில் அடிக்கும், ஜிப்றொக் சுவரின் மேடுபள்ளத்தையும் காட்டிக் கொடுக்கும். மின்சார ஹீற்றருக்கு மேலே சுவரில் கறுப்புக் கோடு ஏறுவது பெயின்றின் குற்றம் அல்ல. சூடான காற்று தூசியை மேலே தள்ளுகிறது. வருடம் ஒருமுறை ஹீற்றரைத் தூசி தட்டுங்கள். ஒரு கலன் 350 முதல் 400 சதுர அடிக்கு ஒரு கோட் வரும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இரண்டு கோட் அடிக்க இரண்டு கலன் வாங்கினால் மிச்சமும் கிடைக்கும்.

பழைய பெயின்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊர் 1960இல் நகரமானது. பெரும்பாலான வீடுகள் அதற்குப் பின்னான பத்து, இருபது வருடங்களில் எழும்பியவை. உட்சுவர்ப் பெயின்றில் ஈயத்துக்குக் கனடா 1976இல்தான் கட்டுப்பாடு போட்டது. 1990க்கு முந்திய வீடுகளில் பழைய படைகளில் கொஞ்சம் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே பழைய ஜன்னல் சட்டத்தையோ கதவையோ காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், முக்கியமாக வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால். ஈரப்படுத்தித் தேயுங்கள், அல்லது சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் பூசுவதற்கு முன் வீட்டுக்காரருடன் பேசி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது இருந்தபடி திருப்பிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. அவர் மறுத்தால் குறை இல்லை: 2700 பல்பு, தடித்த திரை, கட்டில் விரிப்பு மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன.

பெயின்ற் பூசும் பருவம் இந்த ஊரில் குறுகியது. ஜன்னலைத் திறந்து வைத்து இரண்டு மூன்று நாள் அறையை ஆற விட வேண்டும், அந்த நாள்களில் வேறு அறையில் படுக்க வேண்டும். ஒக்ரோபர் நடுப்பகுதி தாண்டினால் அது கஷ்டம். வி.ஓ.சி. என்ற ஆவியாகும் இரசாயனங்கள் குறைந்த பெயின்ற் என்று வாளியில் போட்டிருந்தாலும் காற்றோட்டம் வேண்டும். ஆஸ்துமா உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆகவே நிறம் தெரியும் வேலையைப் பனிக்காலத்தில் செய்யுங்கள், பூசும் வேலையை மே மாதத்தில் வையுங்கள். நாலு மணிக்கு இருட்டும் நாள்களில் பலகையில் பார்த்துத் தெரிந்த நிறம் கோடையிலும் நன்றாக இருக்கும்; கோடையில் தெரிந்தது பனிக்காலத்தைத் தாங்குவது அபூர்வம்.

பூசி முடிந்ததும் வாளி மூடியில் உள்ள சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெயின்றை எடுத்து, இறுக்கி மூடி, உறையாத இடத்தில் வையுங்கள். கராஜில் வைத்தால் ஜனவரியில் உறைந்து கெட்டுவிடும். மிச்சத்தைக் குப்பையிலோ கழுவுதொட்டியிலோ ஊற்றாதீர்கள். பழைய பெயின்றைத் திருப்பி எடுக்கும் கடைகளும் நகரசபையின் சேகரிப்பு நாள்களும் இருக்கின்றன. அப்படிச் சேரும் லேற்றெக்ஸ் பெயின்றை விக்ரோறியாவில்லில் திரும்பக் கலந்து பூமெராங் என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். அதில் நல்ல சந்தன நிறம் ஒன்றும் கிடைக்கிறது.